கீழ்நோக்கு நாளுக்குக் காத்திருந்த களைக்கொல்லி

எனக்கு விவசாயம் தெரியும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. தெரியாது என்றும் சொன்னதில்லை. வினை அதில்தான் பிடித்தது.

ஹூஸ்டன் பக்கம் கோவிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிரசாத வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் ஒரு டாக்டர். கோபிச்செட்டிபாளையத்துக்காரர், தங்கமான மனுஷர். தொன்னையில் பொங்கலை வாங்கிக்கொண்டு திரும்பினார்.

“தம்பிக்கு எந்த ஊருங்க?”

“பொள்ளாச்சிங்க.”

“அடடே! அப்ப மண்ணு தெரிஞ்ச ஆளுன்னு சொல்லுங்க.”

நான் பணிவாகச் சிரித்தேன். பொள்ளாச்சியில் நான் இருந்தது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பாத்திரக்கடையில். பத்தாம் வகுப்பு முடித்த கையோடு சேர்ந்து, கல்யாணம் ஆகும்வரை குடமும் அண்டாவும் எடை போட்டுக்கொண்டிருந்தேன். மண்ணோடு எனக்கிருந்த சொந்தம், காலையில் கடை வாசல் தெளிக்கும்போது காலில் ஒட்டுமே, அவ்வளவுதான். ஆனால் நெற்றி நிறைய திருநீறும் பொள்ளாச்சி என்ற ஊர்ப் பேரும் சேர்ந்தால் அமெரிக்காவில் ஒருவன் விவசாயி ஆகிவிடுகிறான். நானும் மறுத்துப் பேசவில்லை.

பேசாததற்குக் காரணம் இருந்தது. என் மனைவி நர்ஸ். அவள் விசாவில்தான் நாங்கள் டெக்சாஸ் வந்தோம். அவளுக்குப் பகல் டியூட்டி. எனக்கு ஒரு கேஸ் ஸ்டேஷனில், நம்ம ஊர் பெட்ரோல் பங்க், ராத்திரி வேலை. அவள் உள்ளே வரும்போது நான் வெளியே போவேன். வாசலில் நின்றபடி, “சாம்பார் ஃப்ரிட்ஜுல இருக்குது”, “பாப்பாவுக்கு இருமல்” என்று நாலு வார்த்தை. எங்கள் குடித்தனம் நடந்ததே அந்த வாசற்படியில்தான். ஒருநாள் பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் குடும்பப் படம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவை நின்றபடி வரைந்திருந்தாள். என்னைப் படுத்தபடி வரைந்து போர்வையும் போர்த்தியிருந்தாள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா என்று டீச்சர் விசாரித்தாராம்.

அதனால், ஹூஸ்டனை அடுத்த கேட்டி என்ற ஊருக்கு மேற்கே தான் வாங்கிய நாற்பது ஏக்கரைப் பற்றி டாக்டர் பேச ஆரம்பித்ததும் முருகன்தான் பேசுகிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

“மக்காச்சோளம் போடலாம்னு இருக்கறேன் தம்பி. எனக்கு ஆஸ்பத்திரிய உட்டு வர முடியாது. நீங்க இருந்து பாருங்க. இந்த ஒரு வெள்ளாமை ஒழுங்கா வந்துருச்சுன்னா அப்புறம் நிரந்தரமா உங்க பொறுப்புதான். ராத்திரி வேலை எதுக்குங்க, குடும்பஸ்தருக்கு?”

வீட்டில் சொன்னதும் மனைவி கேட்ட முதல் கேள்வி: “உங்களுக்கு என்னுங்க தெரியும் சோளத்தப் பத்தி?”

“வேக வச்சுத் திங்கலாம்னு தெரியும்.”

சிரித்தாள். பிறகு சாமி படத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். சாயங்காலம் மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம் என்கிற ஆசை அவளுக்கும் இருந்தது. கேஸ் ஸ்டேஷன் முதலாளியும் நல்லவர். கோடை முடியும்வரை என் இடத்தைக் காலியாக வைத்திருப்பதாகச் சொன்னார். அவருக்கு என்னைப் பற்றி ஏதோ தெரிந்திருக்கிறது.

மக்காச்சோளத்தில் விதைப்பது பெரிய வேலை இல்லை. பக்கத்து நிலத்துக்காரர், வெள்ளைக்காரர், அறுபதைத் தாண்டியவர், தன் மிஷினைக் கொண்டுவந்து விதைத்துக் கொடுப்பதாக டாக்டரிடம் ஒப்புக்கொண்டிருந்தார். பெரிய வேலை களை. அங்கே ஆள் விட்டுக் களையெடுக்க முடியாது, மருந்துதான். மருந்து அடிக்க லைசென்ஸ் வேண்டும். அதற்கு கவுண்டி ஆபீசில், நம்ம ஊர் தாலுகா ஆபீஸ் மாதிரி, வகுப்பும் பரீட்சையும் உண்டு. பழனிக்கு மொட்டை வேண்டிக்கொண்டு எழுதினேன். பாஸாகிவிட்டேன். பத்தாம் வகுப்புக்குப் பிறகு நான் பாஸான முதல் பரீட்சை. வீட்டில் கேசரி கிண்டினாள். டாக்டருக்கு ஃபோன் செய்து “லைசென்ஸ் வந்துருச்சுங்க” என்றபோது குரலைக் கொஞ்சம் கனமாக வைத்துக்கொண்டேன்.

வகுப்பில் எனக்குப் புரிந்தது இவ்வளவு. களையை அடக்க மூன்று வழி. ஒன்று, விதைத்த உடனே, களை முளைக்குமுன், மண்மேல் மருந்தை அடித்துவிடுவது. அதன்மேல் ஒரு மழை பெய்தால் மருந்து மண்ணில் இறங்கி, முளைக்கிற களையை முளையிலேயே முடித்துவிடும். இரண்டாவது, களை முளைத்துச் சின்னதாக இருக்கும்போது அதன் தலையில் அடிப்பது. மூன்றாவது அப்போதுதான் புதிதாக வந்திருந்தது: மருந்துக்கு அசையாத ஒரு விதை. பயிர் மேலேயே அடிக்கலாம், களை மட்டும் சாகும்.

டாக்டருக்கு மூன்றாவதில் ஆசை. “மேலாகவே அடிச்சு உட்ரலாமாம் தம்பி. சோளத்துக்கு ஒண்ணும் ஆகாதாம்.”

நான் தலையை ஆட்டி மறுத்தேன். “நஞ்சக் குடிச்சுப்போட்டு நிக்கறதுக்கு அந்தப் பரமசிவனால முடியும்ங்க டாக்டர். மக்காச்சோளத்தால முடியுமுங்களா?”

டாக்டர் அசந்துபோனார். “அனுபவஸ்தர் சொன்னாச் சரி” என்றார். அந்த அனுபவம் பித்தளை அண்டாவில் கிடைத்தது என்று அவருக்கு யார் சொல்வது?

முதல் வழியைத் தேர்ந்தெடுத்தேன். பக்கத்து நிலத்துக்காரரும் அதுதான் சரி என்றார். அவர் பேசும் டெக்சாஸ் ஆங்கிலத்தில் பாதிதான் எனக்குப் பிடிபடும். ஆனால் ஒன்றைக் கையைத் தட்டித் தட்டிச் சொன்னதால் புரிந்தது: விதைத்த மிஷின் வயலை விட்டுப் போனதும் மருந்து மிஷின் உள்ளே போக வேண்டும்.

நான் கோவிலுக்குப் போனேன்.

குருக்கள் மடப்பள்ளி வாசலில் மாவிலை கட்டிக்கொண்டிருந்தார். சோளம் விதைக்க நாள் கேட்டேன். பஞ்சாங்கத்தைப் புரட்டினார். “ரோகிணி வர்றது. மேல்நோக்கு நாள். விதைக்கறதுக்கு ரொம்ப விசேஷம்” என்றார்.

“களை மருந்து அடிக்கறதுக்கு?”

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “எதுக்கு?”

“களைக்கொல்லிங்க சாமி. விதைச்சதுமே அடிக்கணும்ங்கறாங்க. மேல்நோக்கு நாள்ல அடிச்சா களையும் மேல வந்துருமோன்னு ஒரு பயம்.”

“அமெரிக்கா வந்து கார் சாவிக்குப் பூஜை பண்ணியிருக்கேன். கம்ப்யூட்டருக்குப் பண்ணியிருக்கேன். விஷத்துக்கு முகூர்த்தம் கேட்டவா நீங்கதான் மொதல்” என்றார். ஆனால் கேட்டவனை வெறுங்கையோடு அனுப்பும் மனசு அவருக்கு இல்லை. இன்னொரு பக்கம் புரட்டினார். “அடுத்து ஆயில்யம் வர்றது. கீழ்நோக்கு. சர்ப்ப நட்சத்திரம் வேற. விஷத்துக்குப் பொருத்தம்தான். ஆனா இதெல்லாம் என்னைக் கேட்டுப் பண்ணாதீங்கோ, அந்த ஊர்க்காரா சொல்றபடி செய்யுங்கோ.”

கடைசி வாக்கியத்தை நான் அவருடைய அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

ரோகிணியில் விதைத்தாயிற்று. பக்கத்து நிலத்துக்காரர் தன் மிஷினை வெளியே ஓட்டிவிட்டு, டாக்டர் வாங்கிப் போட்டிருந்த பழைய டிராக்டரையும் அதன் பின்னால் இருந்த மருந்துத் தொட்டியையும் காட்டினார். ‘நாளைக்கு’ என்றேன். அடுத்த நாளும் காட்டினார். மறுபடியும் ‘நாளைக்கு’ என்றேன். ஆயில்யம் வரவில்லை என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? வானத்தைக் காட்டினேன். மழையைச் சொல்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டு, மழை வருமுன் அடிக்கத்தானே வேண்டும் என்று இன்னும் குழம்பிப்போனார்.

ஆயில்யம் வருவதற்குள் மழை வந்துவிட்டது. சாதாரண மழை இல்லை. மெக்சிகோ வளைகுடாவையே மொண்டு ஊற்றியதுபோல் பெய்தது. ஆயில்யத்தன்று குளித்து, திருநீறு பூசி, டிராக்டர் டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினேன். பழம் நசுங்கவில்லை. சேற்றுக்குள் முழுசாக இறங்கிவிட்டது. அதன் பின்னாலேயே டயரும் இறங்கியது. பக்கத்து நிலத்துக்காரர் சங்கிலி கட்டி இழுத்து வெளியே விட்டார். சங்கிலியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். திட்டியிருந்தால் தேவலை.

மண் காய்ந்தபோது சோளம் முளைத்திருந்தது. கூடவே களையும், சோளத்தைவிடக் கெட்டியாக, சந்தோஷமாக. குனிந்து ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். சிவந்த தண்டு, இளம் இலை. எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது. கொஞ்சம் பறித்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

மனைவி முறத்தில் கொட்டிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, இது கீரையில்லீங்களா?” என்றாள்.

முளைக்கீரைக்கு ஒன்றுவிட்ட தம்பி. சின்ன வெங்காயம் கிடைக்காததால் பெரிய வெங்காயத்தைப் போட்டுக் கடைந்தாள். நெய் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதுவும் சாயங்காலச் சாப்பாடு, மூவரும் ஒன்றாக. பாப்பாகூட, “இட்ஸ் நாட் பேட், அப்பா” என்றாள். அவள் வாயில் அது பெரிய பாராட்டு.

அடுத்த ஞாயிறு இந்தச் சங்கதியைக் கோவிலில் மனைவி யாரிடமோ சொல்லியிருக்கிறாள். மத்தியானமே வயல் ஓரத்தில் வேன்கள் வந்து நின்றன. கேட்டியிலிருந்து, சுகர்லேண்டிலிருந்து, புடவையும் சுடிதாருமாக இறங்கினார்கள்.

“அண்ணா, ஃப்ரோசன் ஸ்பினாச் சாப்ட்டு சாப்ட்டு நாக்கு செத்துப்போச்சுண்ணா!”

“மருந்து கிருந்து அடிச்சுட்டீங்களா?”

“இன்னும் இல்லீங்க.”

“அடிச்சுடாதீங்கண்ணா. நெக்ஸ்ட் வீக் எங்க மாமியார் வர்றாங்க, அவங்களுக்குக் காட்டணும்.”

யாழ்ப்பாணத்து ஆன்ட்டி ஒருவர் மடியில் கீரையைக் கட்டிக்கொண்டு என்னைப் பாவமாகப் பார்த்தார். “உதுக்கோ தம்பி நஞ்சடிக்கப் போறியள்? வடிவான கீரையெல்லே!”

எனக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை கோவிலில் நான் நாற்காலி மடக்குகிறவன். டாக்டர்களும் இன்ஜினியர்களும் பேசும் இடத்தில் ஓரமாக நின்று தலையாட்டுகிறவன். இப்போது எல்லோரும் என்னைத் தேடி வந்து ‘அண்ணா’ என்கிறார்கள். கொடுக்கும் கை உயர்ந்த கை என்று ஆகிவிட்டது. இரண்டாவது வழிக்கான மருந்து கொட்டகையில் தயாராக இருந்தது. டூ-ஃபோர்-டி என்பார்கள். அகல இலைச் செடிகளைக் கொல்லும், புல் இனத்தைத் தொடாது. மக்காச்சோளம் புல் இனம், அதனால் பிழைக்கும். கீரை அகல இலை, சாகும். கீரை விரல் உயரத்தில் இருக்கும்போதே அடிக்க வேண்டும், வளர்ந்துவிட்டால் கேட்காது என்று வகுப்பில் படித்ததுதான். மாமியார் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். மாமியார் வந்தார். அவர் வேறு இரண்டு மாமியார்களைக் கூட்டிவந்தார்.

பக்கத்து நிலத்துக்காரர் ஒருநாள் வண்டியை நிறுத்தி, இந்தப் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டார். சாப்பிட என்றேன். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு தன் நிலத்தைக் காட்டினார். எங்களுக்கு வடக்கே அவருடைய பருத்தி, அப்போதுதான் இரண்டிலை விட்டிருந்தது. என் மருந்துத் தொட்டியைக் காட்டினார், காற்று வீசுவதுபோல் கையை அசைத்தார், தன் பருத்தியைக் காட்டினார், கழுத்தை அறுப்பதுபோல் விரலை இழுத்தார். இந்த ஆங்கிலம் எனக்கு முழுசாகப் புரிந்தது. பருத்தியும் அகல இலை. அந்த மருந்தின் வாடை பட்டாலே இலை சுருண்டுவிடும்.

அப்புறம் திடீரென்று ஒரு வாரத்தில் கீரை முழங்காலுக்கு வந்துவிட்டது. சோளம் அதற்கு நடுவே, கல்யாணக் கூட்டத்தில் தொலைந்த குழந்தை மாதிரி நின்றது. வேன்களும் நின்றுபோயின. தண்டு முற்றிவிட்டதாம்.

இப்போது விட்டால் அப்புறம் சோளமும் உயர்ந்துவிடும், மேலாக அடிக்கவே முடியாது. முற்றிய கீரை பாதியாவது சாகட்டும் என்று அன்று காலை தொட்டியில் மருந்தைக் கலந்துவிட்டேன். டிராக்டரில் ஏறி உட்கார்ந்தேன். காற்று தெற்கிலிருந்து. என் சட்டைக் காலர் முகத்தில் அடித்தது. நேரே வடக்கே போகிற காற்று.

இறங்கினேன். திருநீற்றுப் பையை எடுத்துப் பூசிக்கொண்டேன். “முருகா, ஒரு மணி நேரம் நிறுத்து. வேற ஒண்ணும் கேக்கல” என்றேன். சஷ்டி கவசத்தை முழுசாகச் சொன்னேன். பொதுவாக அதைச் சொல்லி முடித்தால் எனக்குள்ளேயாவது ஏதாவது அடங்கும். அன்று காற்றும் அடங்கவில்லை, நானும் அடங்கவில்லை. பக்கத்து நிலத்துக்காரரின் வண்டி வீட்டில் இல்லை. சாலையில் ஒரு ஈ காக்காய் இல்லை. அடித்திருந்தால் யாருக்கும் தெரியாது என்று சொல்ல முடியாது. இலை சுருண்டால் தெரிந்துவிடும். ஆனால் அடிக்கும்போது தடுக்க ஆளில்லை.

கொட்டகை ஃபோன் அடித்தது. டாக்டர், ஆஸ்பத்திரியிலிருந்து.

“தம்பி, அடிச்சாச்சுங்களா?”

“காத்து அடிக்குதுங்க டாக்டர்.”

“டெக்சாஸ்ல காத்து எப்பங்க அடிக்காம இருந்துச்சு? அதப் பாத்தா வெள்ளாமை பண்ண முடியுமுங்களா?”

“வடக்கால பருத்தி இருக்குதுங்க. அந்தப் பெரியவரோடது.”

“அவருக்கு இன்சூரன்ஸ் இருக்கும் தம்பி. நீங்க நம்ம வயலப் பாருங்க. இந்த வெள்ளாமை போச்சுன்னா நானும் என்ன செய்ய முடியும் சொல்லுங்க. அடிச்சு உட்ருங்க.”

“சரிங்க” என்றேன்.

எதற்கும் ‘சரிங்க’ சொல்லும் வாய் எனக்கு. திரும்பப் போய் டிராக்டரில் உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பினேன். சாயங்காலச் சாப்பாடு நினைவுக்கு வந்தது. பாப்பா இப்போதெல்லாம் என்னிடம் பள்ளிக்கூடக் கதை சொல்கிறாள். பாதி புரியாது, இருந்தாலும் கேட்டுக்கொண்டிருப்பேன். வாசற்படிக் குடித்தனமும் நினைவுக்கு வந்தது. என் காலர் மறுபடி முகத்தில் அடித்தது. வடக்கே பார்த்தேன். பருத்தி வரிசை வரிசையாக, இரண்டிரண்டு இலையாக, பால்வாடிப் பிள்ளைகள் சாமி கும்பிட உட்கார்ந்த மாதிரி இருந்தது.

சாவியை நிறுத்திவிட்டேன். இதில் என் பெருமை ஒன்றும் இல்லை. நாள் பார்த்து, மாமியார் பார்த்து, செய்ய வேண்டிய நேரத்தில் செய்யாதவன் நான். என் முட்டாள்தனத்துக்கு அந்தப் பெரியவரின் பருத்தியை விலையாகக் கொடுக்கச் சொன்னால் எந்தச் சாமியும் பக்கத்தில் வராது. அவ்வளவுதான் தோன்றியது.

அந்த வாரம் முழுக்கக் காற்று ஓயவில்லை. அதற்கப்புறம் மழை. அது விட்டபோது சோளம் இடுப்புக்கு, கீரை நெஞ்சுக்கு. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வரிசைக்குள் இறங்கினேன். நாற்பது ஏக்கரில் ஒருவன் மண்வெட்டியோடு இறங்குவது கடலில் கரண்டியோடு இறங்குவது மாதிரி. கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மூலையைச் சுத்தம் செய்தேன். அந்த மூலையில் மட்டும் சோளம் சோளமாக இருந்தது.

ஆகஸ்டில் அறுவடை. பெரியவர்தான் தன் மிஷினோடு வந்தார். கீரைத் தண்டு கரும்பு கனத்துக்கு நின்றது. மிஷின் அதை விழுங்கி விழுங்கி நின்றது. ஒவ்வொரு தடவையும் அவர் இறங்கி, சிக்கிய தண்டை இழுத்துப் போட்டார். நானும் கூட நின்று இழுத்தேன். பாதி வயலுக்குமேல் தன்னால் முடியாது என்று சொல்லிவிட்டார்.

டாக்டர் வந்து பார்த்தார். பேண்ட்டை மடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் உள்ளே நடந்தார், திரும்பினார். வடக்கே பருத்தி வெடிக்க ஆரம்பித்திருந்தது.

“நான் அடிங்கன்னு சொன்னேனுங்களே, தம்பி.”

“சொன்னீங்க.”

“சரிங்கன்னு சொன்னீங்களே.”

“சொன்னேனுங்க.”

அவர் பருத்தியைப் பார்த்தார், கீரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நின்றேன். தன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுங்க” என்றார். பிறகு, “ஆனா அடுத்த வருஷம் நெலத்த அவருக்கே குத்தகைக்கு உட்டுப்போடறேன். தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கும் எனக்கும் இது சரிப்படாது” என்றார்.

“சரிங்க” என்றேன். அந்த ஒரு தடவை மனசோடு சொன்னேன்.

கேஸ் ஸ்டேஷன் முதலாளிக்கு ஃபோன் செய்தேன். திங்கட்கிழமை வரச் சொன்னார், அதே ராத்திரி வேலைக்கு. என் இடம் அப்படியே இருக்கிறதாம்.

டியூட்டி முடிந்து மனைவி வந்தாள். ஷூவைக்கூடக் கழற்றவில்லை, டாக்டர் சொன்னதையெல்லாம் சொல்லிவிட்டேன். சமையல்மேடையில் கையை ஊன்றிக்கொண்டாள். அழுவாளோ என்று பார்த்தேன்.

“அந்தப் பெரியவரு பருத்தி வெடிச்சிருக்குதுங்களா?”

“வெடிச்சிருக்குது.”

“நல்லா இருக்குதா?”

“வெள்ளை வெளேர்னு இருக்குது.”

“பாக்கணும். வண்டிய எடுங்க” என்றாள்.

மூவரும் போனோம். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. வேலியோரம் நிறுத்தினேன். அந்த வெண்மையை அவள் கண்ணெடுக்காமல் பார்த்தாள். “விளக்குத் திரிக்கு ஒரு கை பஞ்சு கேட்டுப் பாருங்களேன்” என்றாள்.

“எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்கறது? அவரு மிஷினையே படாதபாடு படுத்தியிருக்கறேன்.”

“நீங்க உக்காருங்க.”

பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பெரியவரின் வீட்டு வாசலுக்கு நடந்தாள். அவர் வெளியே வந்தார், பழக்கப்படி தொப்பியைக் கழற்றினார். நான் வண்டிக்குள்ளேயே இருந்தேன். அவள் இடது உள்ளங்கையின்மேல் வலது கையை வைத்து முன்னும் பின்னுமாக உருட்டிக் காட்டினாள். அவருக்கு விளங்கவில்லை. பாப்பா ஏதோ சொன்னாள். பிறகு பெரியவரும் தன் பெரிய கைகளைச் சேர்த்து வைத்து, சரியா என்று கேட்பதுபோல், மெல்ல உருட்ட ஆரம்பித்தார்.